மேஜிக் கடையா, பார்சலா, யூடியூபா? கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகள் வித்தை கற்க எது நல்ல வழி

பிள்ளைக்கு மேஜிக் ஆசை வந்துவிட்டது என்று சொல்லும் அப்பா அம்மாக்கள் அடுத்ததாகக் கேட்பது, "சாமான் எங்கே வாங்கறது?" என்பதுதான். முன்பென்றால் கடை என்று ஒரே பதில். இப்போது ஆன்லைன் பார்சல், காசு கட்டிப் பார்க்கும் வீடியோ, இலவச யூடியூப், புத்தகம், பொருட்காட்சி ஸ்டால், மேஜிக் சங்கம் என்று பல வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பழைய மேஜிக் கடைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். கடைமேல் எனக்குப் பாசம் அதிகம், அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லா விஷயத்திலும் கடை ஜெயிக்கவில்லை.

எனக்குத் தெரிந்த மேஜிக் கடைக்குப் பெரிய போர்டு இருந்ததில்லை. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோர். வளையல், ரிப்பன், பிறந்தநாள் தொப்பி எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போனால் ஒரு கண்ணாடி அலமாரி, அதற்குப் பின்னால் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் அவர். கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் போவோம். என்ன வேண்டும் என்று அவர் கேட்கவே மாட்டார். ஒரு சின்னக் கிண்ணத்தில் பந்தைப் போட்டு மூடுவார், திறப்பார், பந்து இருக்காது. உன் சட்டைப்பையைப் பார் என்பார். பார்த்தால் இருக்கும்! காசு கொடுத்த பிறகுதான் ரகசியம், அதற்கு முன் எவ்வளவு கெஞ்சினாலும் நடக்காது. கொடுத்துவிட்டால் துணித் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொல்லித் தருவார், அப்புறம் நம்மைச் செய்யச் சொல்லி எதிரே நின்று பார்ப்பார். "கையைப் பார்க்காதே தம்பி, நீ எங்க பார்க்கிறியோ அங்கதான் அவனும் பார்ப்பான்." அடுத்த முறை போய்ப் பெரிய பெட்டி ஒன்றைக் காட்டி விலை கேட்டால், "இது உனக்கு இப்ப வேணாம், போன தடவை வாங்கின கயித்தைச் செஞ்சு காட்டு" என்பார். கையில் காசோடு நிற்கிற பையனுக்கு விற்க மாட்டேன் என்று சொன்ன வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மற்ற வழிகளை எடைபோட எனக்கு அளவுகோல் இதுதான்: உனக்கு இது வேண்டாம் என்று சொல்ல அங்கே ஆள் இருக்கிறாரா?

ஆன்லைன் பார்சலில் இல்லை. ஆனால் அதன் நல்லதை முதலில் சொல்ல வேண்டும். கண்ணாடி அலமாரியில் இருந்தது கொஞ்சம் சாமான். ஆன்லைனில் உலகமே இருக்கிறது. அமெரிக்கச் சீட்டுக்கட்டு வேண்டுமென்றால் பிரான்சில் குடியேறிய சொந்தக்காரர் லீவுக்கு வரும்வரை காத்திருந்த ஊர் இது. இப்போது பைசைக்கிள் என்ற அமெரிக்க பிராண்டுக் கட்டு வீட்டு வாசலுக்கு வருகிறது. விலையையும் நாலு இடத்தில் ஒப்பிடலாம். சீட்டு, நாணயம், ரப்பர் பேண்டு, கயிறு இந்த மாதிரி எங்கும் ஒரே மாதிரி இருக்கிற பொருளுக்கு ஆன்லைனே போதும், தயங்க வேண்டாம்.

பிரச்சினை மற்ற சாமான்களில். விரலோடு சம்பந்தப்பட்ட ஒரு சாமான் இருக்கிறது, பெயர் சொல்ல மாட்டேன், தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அது தோல் நிறத்தோடு ஒத்துப்போனால்தான் வேலை செய்யும். கடைக்காரர் மாநிறம், கறுப்பு, நல்ல கறுப்பு என்று ஒரு டப்பா நிறைய வைத்திருந்து, நம் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒன்றை எடுத்துத் தருவார். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் பல நேரம் வெளிர் ரோஸ் நிறத்தில் ஒன்று வருகிறது. திருப்பாதிரிப்புலியூரில் அந்த நிறத்துக் கையை எங்கே தேடுவது? கைக்குட்டையும் அப்படித்தான். நல்ல பட்டு உள்ளங்கைக்குள் சுருண்டு அடங்கும், மலிவு பாலியஸ்டர் விரலை விட்டதும் விரிந்துகொள்ளும், படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வெளிநாட்டுக் கேட்டலாக்குகளில் 'இந்தியாவின் தண்ணீர்' என்ற பெயரில் ஒரு சொம்பு வரும். கவிழ்த்துக் காலி செய்த சொம்பில் திரும்பத் திரும்பத் தண்ணீர் வரும் வித்தை. நம் ஊர் லோட்டாதான் அது. பித்தளையில் கனமாகச் செய்தது ஆயுளுக்கும் வரும். பார்சலில் எனக்கு வந்தது மெல்லிய அலுமினியம், ஒட்டு போட்ட இடத்தில் ஒழுகியது. திருப்பி அனுப்பவும் வழியில்லை, ஏனென்றால் பிரித்த மேஜிக் சாமானைப் பெரும்பாலும் திரும்ப எடுக்க மாட்டார்கள். ரகசியம் தெரிந்துவிட்டதே என்பது அவர்கள் பக்க நியாயம், அதைத் தப்பு சொல்ல முடியாது. அதற்காகத்தான் கடையில் முதலில் செய்து காட்டினார்கள்.

அப்புறம் இந்த ஊர்க் காற்று. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற வீட்டில் அட்டைச் சீட்டு ஈரம் குடித்து ஊதிப்போகும், ஒன்றோடொன்று ஒட்டும், விசிறி மாதிரி விரியவே விரியாது. தகர டப்பாவில் வை, மேலே கனமாக ஏதாவது வை, வேர்த்த கையோடு தொடாதே என்று கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். வேறெங்கோ குளிர் அறையில் உட்கார்ந்து வீடியோ எடுக்கிறவருக்கு இது தோன்றக்கூட வாய்ப்பில்லை.

விளம்பர வீடியோவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளந்து கத்துவதைக் காட்டுவார்கள். எந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் மாட்டிக்கொள்வோம், மறுபடி தயார் செய்ய எவ்வளவு நேரம், சட்டை போட்டால் போதுமா கோட்டு வேண்டுமா, எதுவும் இருக்காது. நம் கல்யாண மண்டபத்தில் நாலு பக்கமும் சின்னப் பிள்ளைகள் நிற்கும், ஒன்று மேடைக்குப் பின்னாலேயே வந்து எட்டிப் பார்க்கும். அங்கே செய்ய முடியாத வித்தைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏமாந்த பையன்களை எனக்குத் தெரியும். கடையில் இந்தக் கேள்விகளை நாம் கேட்பதற்கு முன் அவரே நம்மைக் கேட்பார், "எங்க பண்ணப் போறே, சுத்தி ஆளு நிப்பாங்களா?"

சரி, இலவச யூடியூப். கோபம் இருக்கிறது, ஆனால் நியாயமாக எழுதப் பார்க்கிறேன். வெறும் பார்வை எண்ணிக்கைக்காக அடுத்தவர் கண்டுபிடித்த வித்தையை உடைத்துக் காட்டும் வீடியோக்கள் இந்தத் தொழிலுக்குச் செய்திருக்கும் கேடு பெரியது. 1997ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முகமூடி போட்ட ஒருவர் ரகசியங்களை உடைத்தபோதே மேஜிக்காரர்கள் கொதித்தார்கள், இப்போது அது தினமும் ஃபோனில் நடக்கிறது. இன்னொரு பக்கம், பொறுமையாகக் கைவேலையைச் சொல்லித் தருகிற நல்ல ஆசிரியர்களும் அங்கே இருக்கிறார்கள், நிறுத்தி, பின்னால் தள்ளி, நூறு தடவை பார்க்கலாம், எந்தக் கடைக்காரரும் நூறு தடவை காட்ட மாட்டார். முக்கியமாகப் பெண் பிள்ளைகள். கடையின் கண்ணாடி அலமாரி முன்னால் நின்றவர்கள் எல்லாருமே ஆண்கள், ஒரு பெண் குழந்தை வந்தால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். இங்கே மட்டும் என்றில்லை, 1905ல் தொடங்கிய லண்டன் மேஜிக் சர்க்கிளே 1991ல்தான் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது. இன்று கடலூரில் தன் அறையில் உட்கார்ந்து நாணயம் மறைக்கப் பழகும் ஒரு மாணவிக்கு வீடியோ திறந்துவிட்ட கதவைக் கடை திறக்கவே இல்லை. இதில் கடை தோற்றுவிட்டது, சந்தேகமே இல்லை.

ஆனால் வீடியோவில் பழகிய பிள்ளைகளை மேடையில் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. எல்லாரும் ஒரே மாதிரி செய்கிறார்கள், ஒரே மாதிரி ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். வித்தையில் பாதி பேச்சு. கடையில் வித்தையோடு தமிழ்ப் பேச்சும் சேர்ந்து கிடைத்தது. எங்கே குழந்தையை ஊதச் சொல்ல வேண்டும், எங்கே வேண்டுமென்றே தடுமாற வேண்டும், எந்த வார்த்தைக்குக் கூட்டம் சிரிக்கும், சிரிக்கும் அந்த ஒரு நொடியில் கை என்ன செய்ய வேண்டும், எல்லாம் ஒரு பாடமாகவே வரும். செப்பிடு வித்தைக்காரர்கள் தெருவில் கூட்டம் சேர்த்த பேச்சின் மிச்சம் அது. புத்தகத்தில் இல்லை, யாரும் பதிவு செய்தும் வைக்கவில்லை. அந்தப் பெரியவர்கள் போனால் அதுவும் கூடவே போகும் என்பதுதான் எனக்கு இருக்கிற பெரிய வருத்தம்.

இன்னொன்று, கடைக்குப் போகிறவர்கள் எல்லாரும் வாங்கப் போகிறவர்கள் இல்லை. சாயங்காலம் ஆனால் ஒரு பள்ளி வாத்தியார், ஒரு பேங்க் கிளார்க், பிறந்தநாள் விழாவுக்குப் போகும் தொழில்முறைக்காரர், பேசும் பொம்மை வைத்திருப்பவர் என்று நாலைந்து பேர் நிற்பார்கள். டீ வரும். ஒருவர் புதிதாகப் பழகியதைச் செய்வார், மற்றவர்கள் "இடது கை தெரியுதுப்பா" என்பார்கள். பள்ளி ஆண்டு விழாவுக்கு மேஜிக்காரர் வேண்டும் என்று யாராவது கடைக்கு வந்து கேட்டால் கடைக்காரர் ஒருவரைக் கைகாட்டுவார். அந்தத் தேதியில் அவருக்கு வேறு நிகழ்ச்சி இருந்தால் அடுத்தவருக்குப் போகும். பல குடும்பங்களுக்கு அந்த ஸ்டூலிலிருந்துதான் வருமானம் வந்தது. 1830 வாக்கில் மதராசில் ஒருவர் ஒரு கழியில் கையை ஊன்றி அந்தரத்தில் உட்கார்ந்து காட்டினார் என்பதும், 1847ல் பாரிஸில் ராபர்ட் ஊதேன் தன் மகனை ஒரு கழியின் ஆதாரத்தில் காற்றில் படுக்க வைத்துப் பேர் வாங்கினார் என்பதும், ராமோ சாமி என்று லண்டனில் அறியப்பட்ட நம் பக்கத்து வித்தைக்காரர் அங்கே வாள் விழுங்கிக் காட்டினார் என்பதும் எனக்கு அந்த டீ நேரத்தில் காதில் விழுந்தவைதான்.

உலகமெங்கும் கடைதான் சங்கத்துக்கு வீடாக இருந்திருக்கிறது. அமெரிக்க மேஜிக்காரர்கள் சங்கம் 1902ல் நியூயார்க்கில் மார்ட்டிங்கா என்ற மேஜிக் கடையின் பின்னறையில் பிறந்தது. ஹூடினி 1917லிருந்து 1926ல் சாகும்வரை அதற்குத் தலைவர், இடையில் 1919ல் அந்தக் கடையையே வாங்கினார். லண்டனில் 1898ல் தொடங்கிய டேவன்போர்ட்ஸ் என்ற மேஜிக் நிறுவனம், சேரிங் கிராஸ் சுரங்கப்பாதையில் இருந்த கடையை மூடிவிட்டு நார்ஃபோக் பக்கம் போய்விட்டது. அவர்களுக்கே அந்த நிலை என்றால், இரண்டு மணி நேரம் நின்று பேசிவிட்டு ஐம்பது ரூபாய்க்கு ஒரு கயிறு வாங்கிப் போகிற வாடிக்கையாளர்களை நம்பி வாடகை கட்டிய நம் ஊர்க் கடை எத்தனை நாள் தாங்கும்? கொரோனாக் காலத்தில் நிகழ்ச்சிகள் நின்றன, நிகழ்ச்சி இல்லாவிட்டால் சாமான் எதற்கு. அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த இடத்தில் இப்போது செல்ஃபோன் கவர் தொங்குகிறது.

பொருட்காட்சி ஸ்டாலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மஞ்சக்குப்பம் மைதானத்திலும் வீராம்பட்டினம் தேர்க் கூட்டத்திலும் சீட்டுக்கட்டு விற்கிறவரைப் பார்த்துத்தான் பாதிப் பேருக்கு ஆசையே வருகிறது. அவ்வளவு சத்தத்தில் ஆளை நிறுத்தி வைக்கிற திறமைக்காக அவரை ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், அதுவே நல்ல பாடம். வாங்கினால் ஒன்று வாங்குங்கள். சந்தேகம் கேட்க மறுநாள் போனால் ஆள் அடுத்த ஊரில் இருப்பார்.

புத்தகம் மெதுவான வழி, ஆனால் வீடியோவைவிட எனக்குப் புத்தகம் பிடிக்கும். படத்தையும் வரியையும் வைத்துக்கொண்டு நாமே கையை வளைத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால் வித்தை நம் கைக்கு ஏற்றபடி அமைகிறது, இன்னொருவர் சாயல் ஒட்டுவதில்லை.

கடைக்குக் கிட்டத்தில் வருவது சங்கம்தான். எதிரே உட்கார்ந்து பார்க்க ஆள் இருக்கிறார், தப்பைச் சொல்ல ஆள் இருக்கிறார். 1922ல் தொடங்கிய சர்வதேச மேஜிக்காரர்கள் சகோதரத்துவத்துக்கு இந்திய நகரங்களிலும் கிளைகள் உண்டு. கேரளத்தைப் பாருங்கள். வாழக்குன்னம் நம்பூதிரியிடமிருந்து ஆளுக்கு ஆள் கைமாறி வந்த வித்தை, இன்று கோபிநாத் முதுகாட் திருவனந்தபுரத்தில் நடத்தும் அகாடமி, 2014ல் திறந்த மேஜிக் பிளானட் என்ற மேஜிக் பூங்கா என்று வளர்ந்து நிற்கிறது. தீவிரமான பிள்ளை என்றால் ஒரு லீவில் அங்கே கூட்டிப்போய் வாருங்கள், பத்துப் பார்சலின் காசு அதற்குத் தகும். குறை என்னவென்றால் சங்கம் பெரிய ஊர்களில் இருக்கிறது, மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது, புதிதாக வருகிற பதினோரு வயதுப் பிள்ளைக்கு அங்கே கூச்சமாக இருக்கும். கடைக்கு எந்தச் சாயங்காலமும் போக முடிந்தது, உறுப்பினர் அட்டை தேவைப்படவில்லை.

ஆகவே என்னிடம் கேட்கிறவர்களுக்கு இப்போதைக்கு நான் சொல்வது: சீட்டும் நாணயமும் ஆன்லைனில் வாங்குங்கள், பெட்டி சாமானுக்கு இப்போது செலவு செய்யாதீர்கள், ஒரு புத்தகம் கொடுங்கள், உங்கள் ஊரில் மேடையேறிய ஒருவரைத் தேடிப் பிடித்து மாதம் ஒரு தடவையாவது பிள்ளையை அவர் முன் செய்து காட்ட வையுங்கள்.

அந்த ஒருவர் யார் என்று எனக்குத் தெரியும், நீங்கள்தான். கடலூரிலும் புதுச்சேரியிலும் பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழா, கம்பெனி விழா என்று மேடையேறிவிட்டு இப்போது பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்ட பலர் இருக்கிறீர்கள். கடையைத் திரும்பத் திறக்க யாராலும் முடியாது, வாடகைக் கணக்கு விடாது. ஆனால் அந்தச் சாயங்காலத்தைத் திரும்ப நடத்தலாம். புதுச்சேரி பாரதி பூங்காவில் ஒரு ஞாயிறு நாலு பேர் உட்கார்ந்தால் போதும். பெண் பிள்ளைகளும் வர வேண்டும், அம்மாக்கள் கூடவே உட்காரட்டும். ரகசியத்தைக் கேட்டவுடன் கொடுக்காதீர்கள், போன வாரம் சொன்னதைச் செய்து காட்டிய பிள்ளைக்கு மட்டும் அடுத்தது. பேச்சைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். சாமான் எதுவும் தூக்கி வர வேண்டாம், முதல் கூட்டத்துக்கு ஒரு கயிறும் ஒரு சீட்டுக்கட்டும் போதும்.