தண்ணீரில் ஓட்டிக் காட்டிய ஸ்லட்ஜ் பம்ப்: ஒன்றே முக்கால் லட்சம் போன கதை

மண்டபம் பக்கம் நண்டு, மீன் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். கம்பெனி பெயரும் வேண்டாம், பம்ப் விற்ற ஆளின் பெயரும் வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன். ஐஸ் பிளான்ட், இறால் கம்பெனி, லாட்ஜ் என்று யார் ஈ.டி.பி., எஸ்.டி.பி. (கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பிளான்ட்) வைத்திருந்தாலும் அடுத்த பம்ப் வாங்குமுன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

எங்கள் கழிவுநீர் லேசுப்பட்டதல்ல. நீலக்கால் நண்டு அவித்த தண்ணீர், கணவாய் கழுவின தண்ணீர், தரை கழுவின தண்ணீர் எல்லாம் ஒன்றாக வரும். உப்பு உண்டு, கொழுப்பு உண்டு, சல்லடைக்குத் தப்பின நண்டு ஓட்டுத் துணுக்கு உண்டு. கடற்கரை என்பதால் மணலுக்குச் சொல்லவே வேண்டாம். டேங்க் அடியில் தங்கும் கசடை, அதாவது ஸ்லட்ஜை, இழுத்து ஃபில்டர் பிரஸ்ஸுக்குள் (துணி வழியாகத் தண்ணீரைப் பிழிந்துவிட்டுக் கசடைக் கெட்டிக் கேக்காக நிறுத்தும் இயந்திரம்) தள்ள வேண்டும். பிரஸ் நிரம்ப நிரம்ப எதிர்ப்பு ஏறும்; கடைசியில் ஐந்து, ஆறு கிலோ பிரஷர் கேட்கும். வழக்கமான தண்ணீர் மோட்டாரை வைத்தால் கெட்டிக் கசடில் இம்பெல்லர் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஸ்க்ரூ பம்ப் போடுகிறோம். திருகின கம்பி போல ஒரு ரோட்டர், அதை இறுக்கிப் பிடித்தபடி ஒரு ரப்பர் ஸ்டேட்டர். பழைய ஃபிட்டர்கள் மோனோ பம்ப் என்பார்கள்.

எங்களுடைய பழைய பம்ப் எட்டு வருடம் உழைத்து ஓய்ந்துபோனது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், வரத்து குறைவு. மாற்றுவதானால் அப்போதுதான் மாற்ற முடியும். மூன்று கொட்டேஷன் வாங்கினோம். ஒரு வெளியூர் டீலர் மற்றவர்களைவிட அறுபதாயிரம் குறைத்துக் கொடுத்தார். மணிக்கு 5,000 லிட்டர், ஆறு கிலோ பிரஷர், எண்ணெய்க்குத் தாங்கும் நைட்ரைல் ரப்பர், எஸ்.எஸ். 316 (உப்புக்குத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ரோட்டர் என்று நான் கேட்டதற்கெல்லாம் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக "எல்லாம் இருக்கு சார், இது எல்லா ஸ்லட்ஜுக்கும் ஏற்றது" என்றார். எல்லா நோய்க்கும் ஒரே லேகியம் விற்கிறவரைச் சந்தையில் பார்த்தால் சிரித்துவிட்டு நகர்வோம். இங்கே ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் கொடுத்தோம்.

மே மாதம் கொண்டுவந்து பொருத்தினார்கள். டேங்கில் கசடு இல்லை, போர் தண்ணீரை நிரப்பி, வாய் திறந்த பைப்பில் ஓட்டிக் காட்டினார்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். நானும் டெலிவரி சலானில் கையெழுத்துப் போட்டேன். நான் செய்த முட்டாள்தனம் அதுதான். பிரஷரே இல்லாமல் வெறும் தண்ணீர் என்றால் எந்தப் பம்புதான் அடிக்காது?

ஜூன் 15க்குப் பிறகு படகுகள் போய் வர, வேலை சூடுபிடித்தது. மூன்றாவது வாரம் ஓவர்லோடு ரிலே (மோட்டார் அளவுக்கு மீறி கரன்ட் இழுத்தால் நிறுத்திவிடும் சுவிட்ச்) விழ ஆரம்பித்தது. போன் செய்தால், "உங்க ஊர் வோல்டேஜ் அப்படி சார், ரிலேயைக் கொஞ்சம் ஏத்தி வைங்க" என்றார். ஒரு நாள் ஏற்றியும் வைத்தேன், மறைக்கவில்லை. மோட்டார் மேல் கை வைக்க முடியாத சூடு. பயந்து பழைய அளவுக்கே இறக்கினேன். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். மோட்டாரைக் காப்பாற்ற இருக்கிற ஒரே காவல்காரன் அந்த ரிலே.

பிறகு ஒரு காலை பிரஸ்ஸைப் பிரித்தபோது துணியில் கேக்கோடு கேக்காகக் கறுப்புத் துண்டுகள் ஒட்டியிருந்தன. முதலில் மட்டி ஓடு என்றுதான் நினைத்தேன். விரலால் அழுத்தினால் அமுங்கியது. ரப்பர்.

கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வந்து பார்த்தார். முப்பது வருடம் பம்ப் பிரித்த கை. ஸ்டேட்டரைக் கழற்றி உள்ளே விரல் விட்டு, "தம்பி, நகத்தை வைத்துப் பார்" என்றார். அழுத்தின நகத் தடம் அப்படியே நின்றது. வெளிக்கூட்டில் கம்பெனி முத்திரையோ ரப்பர் வகையோ எதுவும் கிடையாது. ஒரு துண்டை வெட்டி மீன் எண்ணெய் ஊற்றின ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டார். பழைய பம்பின் நைட்ரைல் ஸ்டேட்டரில் வெட்டின துண்டை இன்னொரு பாட்டிலில் போட்டார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பழையது போட்டபடி கிடக்கிறது, புதியது ஊறின பட்டாணியாக உப்பியிருக்கிறது. சாதாரண இயற்கை ரப்பர். அதைக் குறை சொல்லக்கூடாது, மணல் தேய்மானத்துக்கு அது கெட்டிக்காரன். எண்ணெயும் கொழுப்பும்தான் ஆகாது. உப்பிப்போய் ரோட்டரை நெருக்கியிருக்கிறது. அதில் மோட்டார் திணறியிருக்கிறது, கடைசியில் ரப்பர் பிய்ந்திருக்கிறது. வோல்டேஜாம்!

அதோடு முடியவில்லை. நேம்பிளேட் ரிவெட் அடிக்காமல் ஸ்க்ரூ போட்டு இருந்தது. கழற்றினால் அடியில் வேறு நிற பெயின்ட், பக்கத்தில் பழைய ரிவெட் ஓட்டை. யாரோ கழித்த பம்பைச் சாயம் பூசித் தள்ளியிருக்கிறார்கள். ரோட்டர் பளபளத்ததற்குக் காரணம் புதிதாக ஏற்றின குரோம் பூச்சு. உப்புத் தண்ணீர் அந்தப் பூச்சின் மயிரிழை வெடிப்புகளுக்குள் இறங்கி, அதற்குள் ஊசிமுனைத் துரும்புள்ளிகள் போட்டிருந்தது.

காக்கா காட்டின இன்னொன்று புல்லி. மோட்டாரில் நாலு இன்ச், பம்பில் எட்டு இன்ச். மோட்டார் 1,440 சுற்று என்றால் பம்ப் 720. மணலும் ஓடும் கலந்த கசடுக்கு 250, 300 சுற்றுக்கு மேல் போகக்கூடாது என்பது அவர் கணக்கு. அதே 5,000 லிட்டரைப் பெரிய பம்பை மெதுவாக ஓட்டியும் எடுக்கலாம், சின்னப் பம்பை விரட்டியும் எடுக்கலாம். சின்னதுக்கு விலை குறைவு. ஆனால் வேகம் ஏற ஏற ரப்பர் சீக்கிரம் தேயும். அந்த அறுபதாயிரம் எங்கே குறைந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

இதற்கிடையில் டேங்க் நிரம்பி வழியும் நிலை. லாரி வைத்துக் கசடை எடுத்தோம், பன்னிரண்டு நடை. "ராத்திரி ஓடையில் திறந்துவிட்டால் யாருக்குத் தெரியும்" என்று ஒருவர் யோசனை சொன்னார். எதிரே 21 தீவுகளோடு மன்னார் வளைகுடா, 1986 முதல் தேசியப் பூங்கா. அதுவும் நண்டை நம்பிப் பிழைக்கிறவன் அந்தக் கடலிலேயே கொட்டுவதா? முதலாளி அந்த ஆளை டீ கூடக் கொடுக்காமல் அனுப்பினார். அந்த விஷயத்தில் அவரைப் பாராட்ட வேண்டும்.

பணம்? டீலர் இப்போது போனே எடுப்பதில்லை. நுகர்வோர் கோர்ட் என்று கிளம்பினோம். தொழிலுக்காக வாங்கின பொருளுக்கு 2019 சட்டப்படி நீங்கள் நுகர்வோர் இல்லை, சுயதொழில் பிழைப்பு என்றால்தான் விதிவிலக்கு என்று வக்கீல் சொல்லிவிட்டார். சரக்கு விற்பனைச் சட்டம், 1930இல் ஒரு வழி இருக்கிறதாம்: என்ன வேலைக்கு என்று சொல்லி, விற்பவரை நம்பி வாங்கியிருந்தால், அந்த வேலைக்கு அது உதவ வேண்டும். ஆனால் எங்கள் பில்லில் இருப்பது "பம்ப் செட் 1". மாடல், சீரியல் நம்பர், ரப்பர் வகை, கசடு என்ற சொல் எதுவும் இல்லை. நோட்டீஸ் போயிருக்கிறது, பார்ப்போம்.

இரண்டாவது பம்ப் வாங்கும்போது சூடு கண்ட பூனையாக இருந்தேன். எண்ணெய், உப்பு, மணல் கலந்த மீன் கழிவுக் கசடு என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதினேன். சுற்று எவ்வளவு, ஸ்டேட்டர் எந்த ரப்பர் என்பதெல்லாம் பில்லில் ஏறின பிறகுதான் செக். காந்தம் வைத்துப் பார்த்து 316 என்று நம்பாதீர்கள், 304 என்ற சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் அப்படித்தான் ஒட்டாது. இரண்டையும் பிரித்துக் காட்ட, 316இல் சேர்க்கிற மாலிப்டினத்தைக் காட்டிக்கொடுக்கும் சொட்டு மருந்து டெஸ்ட் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிமிடங்களில் ரப்பர் கருகும் என்பதால் டிரை ரன் சென்சாரும் கேட்டு வாங்கினேன். ஸ்பேர் ஸ்டேட்டர் என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று முதலிலேயே கேளுங்கள், வருடா வருடம் செலவு அங்கேதான்.

ட்ரையல் எங்கள் கசடிலேயே. வால்வை மெதுவாகக் குறைத்து கேஜில் ஐந்து கிலோ வரவைத்து, 200 லிட்டர் டிரம்மை நிரப்பினோம். 5,000 லிட்டர் பம்ப் என்றால் 2 நிமிடம் 24 விநாடியில் நிரம்ப வேண்டும். இரண்டரை நிமிடம் ஆனது, ஒத்துக்கொண்டேன். வால்வை மட்டும் முழுதாக மூடிவிடாதீர்கள். இந்த வகைப் பம்ப் நிற்காமல் தள்ளிக்கொண்டே இருக்கும், பிரஷர் மிஞ்சினால் தானே திறக்கும் ரிலீஃப் வால்வு இல்லாவிட்டால் பைப் வெடிக்கும்.

நேற்று தொண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பழைய நண்பன் ஒரு கொட்டேஷன் அனுப்பி, "விலை நல்லா இருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டான். லெட்டர்ஹெட்டில் வேறு கம்பெனி பெயர். கீழே அதே போன் நம்பர், "எல்லா ஸ்லட்ஜுக்கும் ஏற்றது" என்று அதே வரி. அதனால்தான் ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.