கிளாங்-ஃபார்மட்: சி நிரலை இதன் கையில் எவ்வளவு தூரம் விடலாம்?

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஃபர்ம்வேர் எழுதும் குழுக்களுக்கு ஒரு தலைவலி பொது. பகலில் பினாங்கில் எழுதியதை இரவில் வேறொரு நாட்டில் இருப்பவர் திருத்துவார். மறுநாள் கோட் ரிவியூவைத் திறந்தால் பாதி குறிப்பு டேப்பா ஸ்பேஸா, பிரேஸ் எந்த வரியில் என்பதிலேயே போயிருக்கும். அந்தச் சண்டையை முடித்துவைக்க கிளாங்-ஃபார்மட் போதும்; உள்தள்ளல், பிரேஸ், வரி நீளம் எல்லாவற்றையும் ஒரே பாணிக்கு மாற்றித்தரும் கருவி இது. இலவசம், எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டத்தோடு வருகிறது. ஆனால் பழைய நிரலை அப்படியே அதனிடம் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எந்தப் பாணி வேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் அமைப்புக் கோப்பைச் சுழியத்திலிருந்து எழுதத் தேவையில்லை. லினக்ஸ் கெர்னல் 4.17 முதல் தன் மூலக் கோப்புறையிலேயே ஒன்றை வைத்திருக்கிறது: 8 இட டேப், 80 எழுத்து வரி, ஃபங்ஷனின் திறப்பு பிரேஸ் மட்டும் தனி வரியில். அதை எடுத்துக்கொண்டு, ‘ஃபார் ஈச் மேக்ரோஸ்’ என்ற நீண்ட பட்டியலை வெட்டிவிட்டு, உங்கள் லூப் மேக்ரோக்களின் பெயர்களைப் போடுங்கள். போடாவிட்டால் அவற்றை ஃபங்ஷன் அழைப்பு என்று நினைத்து பிரேஸைக் கண்ட இடத்தில் வைக்கும். சிப் தயாரிப்பாளர்கள் தரும் நூலகங்களில் பெயர்கள் முழ நீளம் இருக்கும். அங்கே 80 மூச்சு முட்டும், 100 என்று மாற்றிவிடலாம். பாணிப் பிழைகளைச் சுட்டிக்காட்டும் கெர்னலின் செக்பேட்ச் கருவியே 2020-இல் தன் எச்சரிக்கை எல்லையை 100-க்கு உயர்த்திவிட்டது.

தலைப்புக் கோப்புகளை வரிசைப்படுத்தும் ‘சார்ட் இன்க்லூட்ஸ்’ கெர்னல் கோப்பில் அணைந்திருக்கும், அப்படியே விடுங்கள். எல்எல்விஎம் பாணியில் அது இயல்பாகவே ஓடும். ஒரு தலைப்புக் கோப்பு தனக்கு முன்னால் வருவதை நம்பி எழுதப்பட்டிருந்தால், அகர வரிசைக்கு மாறியதும் பில்டு உடையும்.

இனி முக்கியமான ஆபத்து. இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் நிரலில் ஆப்பிள் 2014 பிப்ரவரியில் திருத்தி வெளியிட்ட பிழையைப் பலர் அறிவார்கள். பிரேஸ் இல்லாத ஒரு இஃப்-க்குக் கீழே ‘கோட்டூ ஃபெயில்’ என்ற வரி இரண்டு முறை, ஒரே உள்தள்ளலில் இருந்தது. முதல் வரி மட்டுமே நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது எப்போதும் ஓடும், கையொப்பச் சோதனையைத் தாண்டிக் குதித்துவிடும். இந்த நிரலை கிளாங்-ஃபார்மட்டில் போட்டால் இரண்டாவது வரி இஃப்-க்கு நேராக இடப்பக்கம் வந்து நிற்கும். பத்து வரி மாற்றமென்றால் பார்த்தவுடன் பிடித்துவிடலாம். ஆயிரக்கணக்கான வரிகளை ஒரே மூச்சில் மாற்றும்போது அதை யார் கவனிப்பார்கள்?

இதற்கு மேல் ஒரு சிக்கலும் உண்டு. ஜிசிசி கம்பைலரில் 6-ஆம் பதிப்பு முதல் ‘-Wall’ எச்சரிக்கைத் தொகுப்பிலேயே ஏமாற்றும் உள்தள்ளலுக்கான சோதனை இருக்கிறது. ஆனால் அது உள்தள்ளலைப் பார்த்துத்தான் சந்தேகப்படுகிறது. முதலில் ஃபார்மட் செய்தால் உள்தள்ளல் சரியாகிவிடும், எச்சரிக்கையும் போய்விடும், பிழை மட்டும் பத்திரமாக உள்ளே இருக்கும். ஆகவே பழைய நிரலை முதலில் எல்லா எச்சரிக்கைகளோடும் கம்பைல் செய்து, வந்தவற்றைத் திருத்துங்கள். பிறகுதான் ஃபார்மட். அந்த மாற்றம் தனி கமிட்டாக இருக்கட்டும், லாஜிக் திருத்தம் ஒன்றுகூட அதில் கலக்க வேண்டாம். அதன் எண்ணை ஒரு கோப்பில் எழுதிவைத்தால், கிட் 2.23 முதல், எந்த வரியை யார் மாற்றினார் என்று காட்டும் பிளேம் பார்க்கும்போது அந்த கமிட்டைத் தாண்டிப்போகச் சொல்லலாம். முன்பும் பின்பும் உருவான ஆப்ஜெக்ட் கோப்புகளின் டிஸ்அசெம்ப்ளியையும் (கம்பைலர் உருவாக்கிய கட்டளைகளை) ஒப்பிடுங்கள். டீபக் தகவலையும் அசர்ட்டையும் அணைத்துவிட்டு. இல்லையென்றால் வரி எண் மாறியதே வித்தியாசமாகத் தெரியும்.

அவ்வளவு பொறுமை இல்லையா? கிட்-கிளாங்-ஃபார்மட் துணைக்கருவி நீங்கள் தொட்ட வரிகளை மட்டும் சரிசெய்யும். பெரும்பாலான குழுக்களுக்கு இதுவே புத்திசாலித்தனம்.

பதிப்பு வித்தியாசம் நிச்சயம் கடிக்கும். உபுண்டு 22.04 தருவது பதிப்பு 14, 24.04 தருவது 18. விடுபட்ட பிரேஸ்களைச் சேர்க்கும் ‘இன்சர்ட் பிரேசஸ்’ 15-இல்தான் வந்தது. லேப்டாப்பில் 24.04 வைத்திருப்பவர் அதைக் கோப்பில் சேர்த்துவிட்டால், 22.04 ஓடும் பில்டு சர்வரில் அப்படி ஓர் அமைப்பே தெரியாது என்று கருவி நின்றுவிடும். பைத்தானின் நிறுவியான பிப் (pip) வழியாக எல்லோரும் ஒரே பதிப்பை நிறுவுவது நல்லது. ‘இன்சர்ட் பிரேசஸ்’ அமைப்பையும் கண்மூடி நம்ப வேண்டாம். மேலே சொன்ன இரட்டை வரியில் முதலாவதற்கு மட்டும் பிரேஸ் போட்டுவிட்டுப் போய்விடும்.

ரெஜிஸ்டர் அட்டவணைகள் இதன் பலவீனம். கையால் நெடுவரிசைகளாக அடுக்கிய பிட் மதிப்புகளை இடைவெளியெல்லாம் சுருக்கிக் குலைத்துவிடும். அந்தப் பகுதிக்கு முன்னும் பின்னும் அணை, போடு என்ற (clang-format off, clang-format on) குறிப்பு வரிகளை எழுதித் தப்பிக்கலாம். ஃபைலுக்கு ஃபைல் அந்த வரிகள் முளைத்தால் அமைப்புக் கோப்பில்தான் கோளாறு.

மாறிப் பெயர், ஃபங்ஷன் நீளம், தேவையில்லாத டைப்டெஃப் (தரவு வகைக்குப் புதுப்பெயர்), இவையெல்லாம் இதன் கண்ணில் படாது. டைப்டெஃப் போன்ற சிலவற்றுக்கு செக்பேட்ச் உதவும். பெர்ல் ஸ்கிரிப்ட்தான், கெர்னலின் மூலக் கோப்புறை இல்லாத இடத்திலும் ‘நோ-ட்ரீ’ கொடுத்து ஓட்டலாம். பிரிண்ட்கே (கெர்னலின் செய்தி அச்சிடும் ஃபங்ஷன்) பற்றியவை போன்ற, கெர்னலுக்கே உரிய புகார்களை அதன் கான்ஃபிக் கோப்பில் முதல் நாளே விலக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தேவையான எச்சரிக்கை அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும்.