காப்பகத்தில் விடப்போன நாயோடு வீடு திரும்பினோம்

வியாசர்பாடியில் முதல் மாடியில் உள்ள சிறிய வாடகை வீட்டில் அம்மா, தம்பி, நான், செவலை என நால்வர் வசிக்கிறோம். செவலை நான்கு வயதான நாட்டு நாய். சென்ற ஐப்பசியில், மாதக் கடைசிக்குள் நாயை அனுப்பிவிட வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. செவலையின் காது மடலிலும் விரலிடுக்குகளிலும் உண்ணி மண்டிக் கிடந்தது. அவை மாடிப்படிச் சுவரில் ஊர்ந்து, கீழ்வீட்டில் கைக்குழந்தை தூங்கும் தூளி வரை போயிருந்தன. வேறு வீடு பார்க்க முன்பணத்துக்கு வழியில்லாத நிலையில், பொதுக் காப்பகம் ஒன்றில் செவலையை ஒப்படைத்துவிடுவதென்று மூவரும் அழுதுகொண்டே முடிவு செய்தோம். வட சென்னையில் இயங்கும் அந்தக் காப்பகம் எங்களுக்கு என்ன செய்தது என்பதைத்தான் எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைநீர் தேங்கியிருந்ததால் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. நாயை விட வந்திருக்கிறோம் என்றதும் பாரத்தை நீட்டுவார்கள் என்று எண்ணியிருந்தேன். அங்கிருந்த மருத்துவர், "எதுக்காக விடுறீங்கன்னு முதல்ல சொல்லுங்கம்மா, பாரத்தை அப்புறம் எடுக்கலாம்" என்று உட்கார வைத்தார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே செவலையின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தவர், எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று கேட்டார். மூன்று நாளாகத் தட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. நாங்கள் அழுவதைப் பார்த்து அதுவும் ஏங்குகிறது என்று நினைத்திருந்தோம். ஈறு வெளுத்துப் போயிருந்தது. அடிவயிற்றில் கேழ்வரகைத் தூவியது போலச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. உண்ணிக் காய்ச்சலாக இருக்கக்கூடும் என்றார்.

உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்னும் பாக்டீரியா நாயின் உடலுக்குள் புகுந்து வெள்ளையணுக்களில் பெருகுகிறது. அதன் விளைவாக, இரத்தம் உறையத் தேவையான தட்டணுக்கள் குறைந்து, மூக்கிலும் தோலுக்கடியிலும் இரத்தம் கசியத் தொடங்குகிறது. காப்பகத்தில் இரத்தப் பரிசோதனை வசதி இல்லாததால், வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். (1903 அக்டோபர் 1 அன்று செம்பியத்தில், டாபின் ஹால் என்ற சிறிய கட்டடத்தில் தொடங்கிப் பிறகு வேப்பேரிக்குப் போன கல்லூரி அது, எங்கள் பக்கத்தில் பிறந்தது என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு.) ஆரோக்கியமான நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் செவலைக்கு 41,000 தான் இருந்தன. டாக்ஸிசைக்ளின் மாத்திரையை 28 நாள் கொடுக்க வேண்டும் என்றும், நான்காம் நாளே நாய் எழுந்து ஓடினாலும் நிறுத்திவிடக் கூடாது என்றும், வெறும் வயிற்றில் கொடுக்காமல் சோற்றோடு கொடுத்து மேலே தண்ணீர் குடிக்கவைக்க வேண்டும் என்றும் காப்பகத்து மருத்துவர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். நாம் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமாலை நாய்க்கோ பூனைக்கோ கொடுத்துவிடக் கூடாது, பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். முந்தின இரவு அம்மா அரை மாத்திரையை உடைத்துக் கையில் வைத்திருந்ததை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது.

நாயைக் குணப்படுத்தியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை என்பதுதான் இந்தக் காப்பகத்தைப் பற்றி நான் எழுதுவதற்கு முக்கியக் காரணம். நாயின் மேல் தெரியும் உண்ணி கொஞ்சம்தான். வயிறு நிறைய இரத்தம் குடித்ததும் அது கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கதவு இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. ஆகவே வீட்டைக் கவனிக்காமல் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால், சில வாரங்களில் பழைய நிலைதான். இதைச் சொல்லி, மாடிப்படி விரிசல்களைப் பூசி அடைக்கவும், செவலை படுக்கும் சாக்கை எரித்துவிட்டு வெந்நீரில் அலசக்கூடிய துணியைப் போடவும் யோசனை கூறினார்கள். அதைவிடப் பெரிதாக, அங்கே பணிபுரியும் ஒரு அண்ணன் எங்கள் வீட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, சிகிச்சை நடக்கிறது, தடுப்பூசி போட்டிருக்கிறது, கார்த்திகை முடியும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா என்று பேசினார். நாங்கள் பத்து முறை கேட்டும் கிடைக்காத அவகாசம் அந்த ஒரு அழைப்பில் கிடைத்தது.

எங்களுக்கு முன்னால் வந்திருந்த ஒருவர், நீங்கள் எடுத்துக்கொள்ளாவிட்டால் தெருவில் விட்டுவிடுவேன் என்று குரல் உயர்த்தினார். வளர்த்த விலங்கைப் பசியில் வாடும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று பொறுமையாக விளக்கினார்கள். கூண்டுகளையும் அவருக்குக் காட்டினார்கள், நானும் பார்த்தேன். வீட்டில் வளர்ந்த நாய்கள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்று பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டன. எத்தனை அன்பாகப் பார்த்துக்கொண்டாலும் காப்பகம் நெரிசலான இடம். அதிலும் தடுப்பூசி போடாத குட்டிகளுக்குப் பார்வோ போன்ற தொற்று அங்கே எளிதில் பரவிவிடும். கூடுமானவரை நாயை அதன் வீட்டிலேயே இருக்கச் செய்ய அவர்கள் பாடுபடுவதன் காரணம் எனக்கு அங்கேதான் விளங்கியது.

மார்கழியில் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, தீவனச் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு ஒன்பது நாள் செவலையை வைத்திருந்தார்கள். நாய் வளர்ப்பதற்கான மாநகராட்சி உரிமத்துக்கு விண்ணப்பிக்கவும் அவர்களே உதவினார்கள். உரிமத்தோடு சேர்த்து இப்போது மாநகராட்சி கட்டாயமாக்கியிருக்கும், நாயின் தோலுக்கடியில் செலுத்தும் மைக்ரோசிப் அரிசி மணி அளவே இருக்கும். அதில் உள்ள 15 இலக்க எண்ணைக் கருவியால் படித்து உரிமையாளரைக் கண்டுபிடிக்கலாமே தவிர, நாய் இருக்கும் இடத்தை அது காட்டாது.

குறைகள் சிறியவை அல்ல. டோக்கன் காலையில் மட்டும்தான். துறைமுகத்திலும் மூட்டை தூக்கும் வேலையிலும் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள் நிறைந்த இந்தப் பகுதியில், நாயை அழைத்து வருவதென்றால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். வாரத்தில் இரண்டு மாலைகளாவது திறந்து வைத்தால் பாதிக் கூட்டம் முன்கூட்டியே தடுப்பூசிக்கு வந்துவிடும். தொலைபேசியை எடுப்பதற்கு ஆள் இல்லை. பூனைகளுக்குத் தனி அறை இல்லாததால், குரைக்கும் நாய்களுக்கு நடுவே கூடைக்குள் பூனை பதறிக் கத்துவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. மழைநாளில் பின்வரிசைக் கூண்டுகளின் வடிகால் எதிர்த்து வருகிறது. இதைப் பதிவேட்டில் எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

போகிறவர்கள் ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். தடுப்பூசி அட்டை, முகவரிச் சான்று, உறுதியான கயிறு, வாய்க்கட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சில நாள் விட்டுவிட்டு வருவதாக இருந்தால் நீங்கள் உடுத்திய, துவைக்காத துணி ஒன்றையும் கொடுத்துவிட்டு வாருங்கள். முதல் இரண்டு நாள் எதையும் தொடாத செவலை, அம்மாவின் பழைய புடவையைக் கூண்டில் விரித்த பிறகுதான் தயிர்ச்சோறு சாப்பிட்டது.