பாலாற்று மணலுக்கு ஃபேட் பைக்: 15,000 ரூபாய்க்குள் எது தேறும்?

15,000 ரூபாய்க்குள் ஃபேட் பைக் (தடித்த, அகலமான டயர் போட்ட சைக்கிள்) தேடுகிறவர்கள் முன்பக்க சஸ்பென்ஷனை முதலில் மறந்துவிடுங்கள். வேலூரில் நான் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் அதைத்தான் பெருமையாகக் காட்டினார்கள். "மேடம், ஷாக் அப்சார்பர் இருக்கு, டபுள் டிஸ்க் இருக்கு" என்று ஹேண்டில்பாரை அமுக்கி அமுக்கி ஒரே விளக்கம். இந்த விலையில் வருவது வெறும் ஸ்பிரிங் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை). எடையைக் கூட்டும், வேறு பெரிதாக ஒன்றும் செய்யாது. நாலு அங்குல டயரில் காற்றைக் குறைத்தாலே குலுக்கலை டயர் வாங்கிக்கொள்ளும். நான் எடுத்தது சாதா இரும்பு ஃபோர்க், பின்னால் மட்டும் 7 கியர், கேபிள் டிஸ்க் பிரேக். விலை 13,800. மார்கழி, தை இரண்டு மாதமும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் காட்பாடி ஜங்ஷனில் வேலை. நைட் டியூட்டி முடிந்ததும் பாலாற்றில் இறங்கிவிடுவேன். மழைக்காலம் போன கையோடு மணலில் ஈரம் இருக்கும், விடிகாலைப் பனியும் சேர்ந்தால் மேல்பரப்பு நன்றாக இறுகியிருக்கும். வெயில் ஏறியதும் பொலபொலத்துப் போகும், அப்புறம் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும்.

இந்த வகை வண்டி அமெரிக்காவில், அலாஸ்காவின் பனிப் பாதைகளையும் தெற்கே பாலைவன மணலையும் மனத்தில் வைத்து உருவானது. 2005-இல் சர்லி கம்பெனியின் பக்ஸ்லி வந்த பிறகுதான் கடையில் வாங்கும் பொருளானது. புதையாமல் ஓடும் சூட்சுமம் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்: காற்று. என் எடைக்குத் தார்ச் சாலையில் 15 பி.எஸ்.ஐ., ஆற்றில் 6 அல்லது 7. சாதாரண பம்பு மீட்டரில் இந்த அளவைச் சரியாகப் படிக்க முடியாது, அதனால் குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்றைத் தனியாக வாங்கிவிடுங்கள். பஞ்சர் கடையில் கொடுத்தால் வழக்கமான பழக்கத்தில் கல் மாதிரி அடித்துக் கொடுத்துவிடுவார்கள். டயர் ஓரத்தில் அச்சடித்திருக்கும் உச்ச அளவை அவர்களுக்குக் காட்டுங்கள்.

கடையில் ஒரு சோதனை அவசியம். பின்சக்கரத்தைத் தூக்கச் சொல்லி, செயினை உள்பக்கத்துப் பெரிய பல்சக்கரத்தில் போட்டு, பெடலைச் சுற்றியபடியே பின்னால் குனிந்து பாருங்கள். செயினுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளியாவது வேண்டும். நான் பார்த்த ஒரு 21 கியர் வண்டியில் செயின் டயர் பட்டன்களை உரசி, ரப்பர் தூளே உதிர்ந்தது. "ஓட ஓட சரியாயிடும்" என்றார் விற்பனையாளர். அது எப்படிச் சரியாகும்? டயர் தேயும், அவ்வளவுதான்.

என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். பெரும்பாலான ஃபேட் பைக்குகளில் இரண்டு காலையும் ஊன்றி நின்றால் மேல்கம்பி இடித்தது. பெண்களும் உயரம் குறைந்தவர்களும் கம்பி சரிந்து இறங்கும் ஃபிரேமாகப் பாருங்கள். டயர் அகலத்துக்காக பெடல்களையும் தள்ளித்தான் வைத்திருப்பார்கள். முதல் வாரம் முட்டி வலித்தது, சீட்டைக் கொஞ்சம் உயர்த்தியதும் சரியானது.

வேலூரில் பனியோ மணலோ பிரச்சினை இல்லை, சீமைக் கருவேல முள்தான் எமன். ஆற்றங்கரை முழுக்க அதுதான். தடித்த டயர் என்று நம்பாதீர்கள், முள் சுலபமாக உள்ளே போய்விடும். எங்கள் தெரு சைக்கிள் கடை பாய் வண்டியைப் பார்த்ததுமே சொன்னார்: "இதுக்கு டியூப் இங்க அலைஞ்சாலும் கிடைக்காதும்மா. வாங்குறப்பவே ரெண்டு எடுத்து வச்சிக்கோ." எடுத்து வைத்தேன். வால்வு ஊசியைக் கழற்றி டியூபுக்குள் சீலண்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றிக் கொடுத்ததும் அவர்தான். அதற்குப் பிறகு சின்ன முள்ளெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓட்டிக்கொண்டே இருக்கலாம். மோட்டார் பைக்குக்கு இருக்கும் அதே வகை வால்வு என்பதால் பெட்ரோல் பங்கிலும் காற்றடிக்க முடிகிறது.

குறைகளும் இருக்கின்றன. இருபது கிலோவைத் தொடும் இரும்பு இது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் ஆசை இருந்தால் இந்த விலை வண்டி வேண்டாம், கியர் போதாது. பாலமதி ஏற்றத்திலேயே பாதியில் இறங்கினேன். அமிர்தி பக்கம் காட்டுப் பாதை ஆசை காட்டும், ஆனால் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். பிரேக் கேபிள் வாரம் தவறாமல் தளர்கிறது, நாமே இறுக்கப் பழகிக்கொள்ளலாம். ஆற்றிலிருந்து வந்ததும் செயினை உலர்ந்த பிரஷால் தேய்த்து எண்ணெய் விடாவிட்டால் மணல் கறகறவென்று அரைக்கத் தொடங்கிவிடும்.

மட்கார்டு வண்டியோடு வராது. ஈர மணல் முதுகில் கழுத்து வரை கோடு போடுகிறது. என் சுடிதாரைத் துவைப்பதும் நானே என்பதால் 450 ரூபாய் கொடுத்து அகலமான பிளாஸ்டிக் மட்கார்டு ஜோடி ஒன்றை மாட்டிவிட்டேன். சாதா சைக்கிளுக்கானது பொருந்தாது, ஃபேட் டயருக்கென்றே கேட்டு வாங்குங்கள்.