கலிபோர்னியாவில் சம்பளத்துக்குப் போட்ட இரண்டு கடிவாளங்கள்

1990 வரை கலிபோர்னியா சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே சட்டம் போட்டு உயர்த்திக்கொள்ளலாம். அந்த ஆண்டு ஜூனில் வாக்காளர்கள் நிறைவேற்றிய 112-ஆம் முன்மொழிவு, அந்த அதிகாரத்தை ஆளுநர் நியமிக்கும் 7 பேர் குழுவிடம் கொடுத்தது.

2009 மே 19-இல் வாக்குக்கு வந்த 1எஃப் முன்மொழிவு அப்படியல்ல. குழு அப்படியே இருந்தது. மாநில நிதி பெரிய பற்றாக்குறையில் இருக்கும் ஆண்டில் ஊதிய உயர்வு கூடாது என்று அதன் கையை மட்டும் கட்டியது. அன்று வாக்குச்சீட்டில் இருந்த மற்ற ஐந்தும் தோற்றன. இது மட்டும் சுமார் 74 சதவீதத்துடன் ஜெயித்தது. பற்றாக்குறையிலும் சம்பளம் உயர்வதா என்ற வாக்காளர்களின் கோபம் நியாயமானதுதான்.

ஆனால் 1எஃப் உயர்வைத் தடுக்கும், அவ்வளவே, சம்பளத்தைக் குறைக்காது. மறுநாளே 18 சதவீதம் வெட்ட முடிவெடுத்தது 1990-இல் பிறந்த அந்தக் குழுதான். உறுப்பினர் சம்பளம் 1,16,208 டாலரிலிருந்து 95,291-க்கு இறங்கியது. அதனால் எனக்கு 112-தான் பெரிது.