மேன் பக்கங்களோடு 2022 முதல்

பம்பலப்பிட்டியில் வாங்கிய பழைய லப்டொப்பில் விண்டோஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. 2022 பெப்ரவரியில் அதில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தது. வெள்ளவத்தை வீட்டில் கரண்ட் போனால் ரவுட்டரும் படுத்துவிடும், கூகுளும் இல்லை. பற்றரி தீரும்வரை லப்டொப் மட்டும்தான். கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலில் 'மேன்' (man) என்று தட்டி, கட்டளைகளின் கையேட்டை வாசிக்கும் பழக்கம் அப்படித்தான் தொற்றியது. கையேடு முழுக்க டிஸ்கிலேயே கிடக்கிறதே!

முதலில் எரிச்சல்தான். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளைக்கு 'மேன் எல்எஸ்' என்றால் பக்கம் பக்கமாக ஒப்ஷன்கள். உதாரணம் ஒன்றுகூடக் கிடையாது. போல்டர் மாறும் சிடி (cd) கட்டளைக்கு 'மேன் சிடி' என்றால் அப்படியொரு பக்கமே இல்லை என்கிறது. சிடி தனி நிரல் அல்ல, நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் (bash) நிரலுக்குள்ளேயே இருப்பது. 'ஹெல்ப் சிடி' என்று கேட்க வேண்டுமாம். இது பிடிபட ஒரு வாரம் போனது.

கோப்புகளை அழிக்கும் ஆர்எம் (rm) கற்றுத்தந்த விதம் வேறு. 'நகல்' என்று தொடங்கும் கோப்புகளை மட்டும் அழிக்கப் போனேன். அந்தச் சொல்லுக்கும், எந்தப் பெயருக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறிக்கும் நடுவில் ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டது. 'நகல்' என்று எதுவும் இல்லை என ஒரு வரி முணுமுணுத்துவிட்டு, போல்டரில் இருந்த மற்றக் கோப்புகளை எல்லாம் துடைத்துவிட்டது. ஆர்எம்முக்குக் குப்பைத்தொட்டி கிடையாது. "அண்ணா, என்ர நோட்ஸ் எங்க?" என்று தங்கச்சி கேட்டபோது வாயே திறக்கவில்லை.

பிறகு பாஷின் மேன் பக்கத்தைத் தோண்டியதில்தான் விளங்கியது: நட்சத்திரத்தைக் கோப்புப் பெயர்களாக விரிப்பது ஆர்எம் அல்ல, பாஷ். விரித்த பட்டியல்தான் ஆர்எம் கைக்குப் போகிறது. அன்றிலிருந்து அதே வரியை முதலில் எல்எஸ் போட்டுப் பார்க்கிறேன். பட்டியல் சரியென்றால் மேல் அம்புக்குறியை அழுத்தி, எல்எஸ்ஸை ஆர்எம் ஆக்குகிறேன்.

தமிழ்ப் பெயர்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஒரு சிக்கல்தான்: டிஸ்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் எக்ஸ்ட்4 (ext4) முறையில் கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 (UTF-8) முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். 'கோ' என்பதே ககரமும் துணைக்குறியுமாக 6 பைட் தின்னும். பாடத்தலைப்பை அப்படியே பெயராக வைக்கும் தங்கச்சிக்கு 'பெயர் மிக நீளம்' என்று பிழைச்செய்தி வந்தது. இப்போது 'தமிழ்1', 'தமிழ்2' என்று வைக்கிறாள். எதற்குள் என்ன இருக்கிறது என்று, கோப்புகளுக்குள் சொல் தேடும் கிரெப் (grep) போட்டுத் தேடிக் கொடுப்பது என் வேலை.