கென்யா மின்சாரம்: நீராவியா, காற்றா, வெயிலா?

கென்யாவில் மின்தேவை உச்சத்துக்குப் போவது இரவு ஏழு, எட்டு மணிக்கு. பூமிக்கடியிலிருந்து வரும் நீராவி, காற்று, வெயில் மூன்றையும் ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இந்த நேரத்தைத்தான்.

வெயில் இங்கேயே அடிபட்டுவிடுகிறது. நிலநடுக்கோடு ஓடும் நாடு, கரிசாவில் 50 மெகாவாட் சோலார் பண்ணையும் இருக்கிறது. ஆனால் வருடம் முழுக்க ஆறரை, ஏழுக்குள் பொழுது சாய்ந்துவிடும். பேட்டரி இல்லாமல் இதைப் பெருக்கினால் ஒரே லாபம்தான்: பகலில் தானா நதியின் நீர்மின் அணைகளில் உள்ள நீரைச் செலவழிக்காமல் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம். அதுவும் சின்ன விஷயமில்லை.

காற்றின் கதை வேறு. துர்கானா ஏரிக்குத் தென்கிழக்கே 365 காற்றாலைகள், மொத்தம் 310 மெகாவாட். மலைகளுக்கு நடுவே காற்று ஓயாமல் வீசும் அருமையான இடம். 2017இலேயே ஆலைகள் தயார். மின்சாரத்தைத் தலைநகர் நைரோபி பக்கமுள்ள சுஸ்வா துணைமின் நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டிய 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மின்பாதைதான் தயாராகவில்லை. அது 2018 செப்டம்பரில் வந்தது. அதுவரை ஓடாத ஆலைக்கு அபராதம் கட்டியது அரசு! போதாக்குறைக்கு, அந்தக் காற்று வேகமெடுப்பது நள்ளிரவுக்குப் பிறகு, ஊர் தூங்கும்போது.

அப்புறம் நீராவி. நைவாஷா பக்கம் ஓல்கரியாவில் 1981இல் 15 மெகாவாட்டில் தொடங்கியது. இன்று நாட்டின் புவிவெப்ப மின்திறன் 900 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இதுதான். மழை பொய்த்தாலும் ஓடும், இரவிலும் ஓடும். சிக்கல் கிணறு தோண்டுவதில். இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழம் போன பிறகும் போதிய ஆவி கிடைக்காமல் போகலாம். தனியார் இந்தச் சூதாட்டத்துக்குத் தயங்கியதால், அந்த ஆபத்தைச் சுமக்கவே 2008இல் அரசு ஒரு தனி நிறுவனத்தை உருவாக்கியது. ஓல்கரியா விரிவாக்கத்துக்காக மாசாய் பழங்குடிக் குடும்பங்கள் இடம்பெயர்ந்த கணக்கையும் இதோடு சேர்க்க வேண்டும்.

என் ஓட்டு நீராவிக்குத்தான், ஆனால் ஒரு நிபந்தனை. நள்ளிரவில் தேவை குறையும்போது கிணற்று ஆவியை அப்படியே வானத்தில் விடுகிறார்கள். துர்கானா காற்றும் அதே நேரத்தில் வந்து முட்டுகிறது. அதனால் அடுத்த காசை புதுக் காற்றாலையில் போடுவதைவிட, இரவில் வீணாவதை மறுநாள் மாலைக்குத் தேக்கிவைக்கும் பேட்டரியில் போடலாம்.